எச்.ஐ.வி. மருந்தும் கல்லீரலும்: ஒரு வரலாறு

எய்ட்ஸ் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நோய் எதிர்ப்புச் சக்திதான். கல்லீரலை யாரும் நினைப்பதில்லை. ஆனால் எச்.ஐ.வி. சிகிச்சையின் வரலாற்றில் கல்லீரலுக்கு ஒரு தனி அத்தியாயமே உண்டு. நாம் விழுங்கும் மருந்துகளில் பலவற்றைச் சிதைத்து வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. ஆயுள் முழுக்க தினமும் மாத்திரை சாப்பிட வேண்டிய நோயில் அதன் சுமை எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அப்போது இதற்கு மருந்தே கிடையாது. அடுத்த ஆண்டு அமெரிக்காவில் ஏ.இசட்.டி. என்ற முதல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. ஒற்றை மருந்துக்கு வைரஸ் சீக்கிரமே பழகிவிட்டது. 1996-ல் மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை வந்த பிறகுதான் மரணங்கள் குறைந்தன. ஆனால் ஒருவருக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கும் மேல். ஏழை நாடுகளுக்கு அது எட்டாக்கனி.

2001 பிப்ரவரியில் இந்தியாவின் சிப்லா நிறுவனம், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் ஆகிய மூன்றும் ஒரே மாத்திரையில் வந்தன. 2004 ஏப்ரல் 1 முதல் இந்திய அரசு கூட்டு மருந்துகளை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரம் அரசு மருத்துவமனையும் ஒன்று.

உயிர் காத்த இந்த மருந்துகளில் இரண்டு கல்லீரலைச் சோதித்தன. ஸ்டாவுடின், செல்களுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுத்தது. சிலருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிந்து, இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஆபத்தான அளவுக்குக் கூடியது.

நெவிராபினின் கதை இன்னும் வினோதமானது. அமெரிக்காவில் ஒரு மருத்துவப் பணியாளருக்குக் கையில் ஊசி குத்திவிட்டது. தொற்று வராமல் தடுக்க, நெவிராபின் அடங்கிய கூட்டு மருந்தைச் சாப்பிட்ட அவருக்குக் கல்லீரலே செயலிழந்து, மாற்று அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. இது 2001 ஜனவரியில் அதிகாரபூர்வமாகப் பதிவானது. சிகிச்சை தொடங்கும்போது சிடி4 அணுக்கள் 250-க்கு மேல் இருந்த பெண்களில் 11 சதவீதம் பேருக்கு, அறிகுறிகளுடன் கூடிய கல்லீரல் பாதிப்பு வந்ததும் பின்னர் தெரிந்தது. அதற்குக் கீழே இருந்தவர்களிடம் அது 1 சதவீதத்துக்கும் குறைவு. அதாவது எதிர்ப்புச் சக்தி நன்றாக இருந்தவர்களுக்கே ஆபத்து அதிகம்! அதனால் முதல் 14 நாள் பாதி அளவு மருந்து, தொடக்க மாதங்களில் அடிக்கடி கல்லீரல் இரத்தப் பரிசோதனை என்று விதிகள் வந்தன.

அப்படியானால் குற்றவாளி மருந்து மட்டும்தானா? இல்லை. ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவில் 23,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. மரணங்களில் 14.5 சதவீதத்துக்குக் காரணம் கல்லீரல் நோய். எய்ட்ஸுக்கு அடுத்த பெரிய காரணம் அதுதான். ஆனால் அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஹெபடைடிஸ் சி அல்லது பி தொற்றும் இருந்தது. எச்.ஐ.வி. அந்தத் தொற்றுகளை வேகப்படுத்துகிறது.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. லாமிவுடினும் டெனோஃபோவிரும் எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குகின்றன. அந்தத் தொற்று உள்ளவர், கல்லீரல் கெட்டுவிடும் என்று பயந்து தாமாகவே மாத்திரையை நிறுத்தினால், அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் கிளம்பிக் கல்லீரலைத் தாக்கக்கூடும். காப்பாற்ற நினைத்ததே கெடுத்ததாக முடியும்.

உலக சுகாதார நிறுவனம் 2009-ல் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. 2013-ல் டெனோஃபோவிர் அடங்கிய கூட்டு மருந்தையும், 2019-ல் அதோடு டோலுடெக்ராவிர் சேர்ந்ததையும் முதல் தேர்வாகப் பரிந்துரைத்தது.

கணக்குப் பார்த்தால், 350 டாலர் மாத்திரை தவறான முடிவு அல்ல. அன்று மருந்து இல்லாவிட்டால் மரணம்தான். கல்லீரல் கொடுத்த விலையிலிருந்து பாடம் கற்றுத்தான் இன்றைய பாதுகாப்பான மருந்துகள் வந்தன. பக்க விளைவுக்குப் பயந்து சிகிச்சையை நிறுத்துவது தீர்வல்ல. பரிசோதனை செய்து, மருத்துவர் சொல்படி மருந்தை மாற்றுவதே தீர்வு.