திரும்பும் சீட்டு

நண்பர்கள் நால்வர் மாதம் ஒருமுறை ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடுவது எங்கள் வழக்கம். புதிதாக வாசித்த நூலொன்றில் பேச்சைத் தொடங்கி, பெரும்பாலும் அந்நூலுக்குத் தொடர்பே இல்லாத இடத்தில் முடிப்போம். சென்ற கூடுகைக்கு யாரும் நூல் எதையும் கொண்டுவரவில்லை. ஆகவே, கடல் கடந்து சென்ற விடுமுறைப் பயணங்களில் மனத்துக்கு மிக நெருக்கமான ஊர் எது என்று ஒவ்வொருவரும் சொல்வதென முடிவாயிற்று. ஒருவர் மொரிஷியஸ் என்றார். இன்னொருவர் பினாங்கு என்றார். மூன்றாமவர் இரண்டையும் பார்த்தவர். எதைச் சொல்வதென்று அவருக்குத் தீர்மானிக்க இயலவில்லை. நான்காமவர் நாகப்பட்டினத்துக்காரர். அவரிடம் கடவுச்சீட்டே கிடையாது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், கடைசியில் மெல்லக் கேட்டார்:

"எங்க வீட்டுலேர்ந்தும் ஒருத்தர் பினாங்குக்குப் போனார். எங்க பாட்டியோட அப்பா. போனவர் வரவே இல்ல. நீங்க சொல்ற பினாங்கும் அதுவும் ஒரே ஊர்தானா?"

அன்றிரவு எங்களால் அதற்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை. பின்னர் வந்த வாரங்களில் நாங்கள் தேடிப் படித்தவற்றைத் தொகுத்துப் பார்த்தபோது, கேள்வி பினாங்கைப் பற்றியது மட்டுமன்று என்பது புலப்பட்டது.

முதலில் மொரிஷியஸ். நண்பரிடம் நிழற்படங்கள் ஏராளம். பவளத் திட்டுகளுக்குள் அடங்கிய நீலக் கடல், தென்மேற்கு மூலையில் தனித்து நிற்கும் லெ மோர்ன் மலை, அதன் அடிவாரத்து வெண்மணல். சொர்க்கமே இத்தீவைப் பார்த்து அமைக்கப்பட்டதுதான் என்று மார்க் ட்வைன் சொன்னதாக அங்கே எல்லாச் சுற்றுலாக் கையேடுகளிலும் காணலாம் என்றார். ட்வைன் 1896-இல் அத்தீவுக்குச் சென்றதும், 1897-இல் வெளியான தம் பயணநூலில் இதை எழுதியதும் உண்மை. ஆனால் அவர் அதைத் தம் கருத்தாக எழுதவில்லை. ஊர்க்காரர் ஒருவரின் பெருமைப் பேச்சு என்றே குறிப்பிட்டார். அது மிகையென்று வேறொருவர் சொன்னதையும் உடனே சேர்த்துக்கொண்டார். கையேடுகள் முற்பாதியை எடுத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டன.

லெ மோர்ன் மலைக்கும் ஒரு பிற்பாதி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், தோட்டங்களிலிருந்து தப்பியோடிய ஆப்பிரிக்க, மடகாஸ்கர் அடிமைகளுக்கு அதன் குகைகளே புகலிடம். 1835 பிப்ரவரி முதல் நாள் அத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. அச்செய்தியைச் சொல்லவந்த படையினரைப் பிடிக்க வந்தவர்கள் என்று எண்ணி, மலைமேல் இருந்தவர்கள் குதித்து உயிர்விட்டனர் என்பது தீவு மக்களின் வாய்மொழிக் கதை. 2008-இல் யுனெஸ்கோ அம்மலையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நண்பர் படமெடுத்த அந்தி வானம் அந்த மலைக்குப் பின்னால்தான் சிவந்திருந்தது.

தமிழருக்கும் அத்தீவுக்கும் உள்ள உறவு கூலிக் கப்பல்களுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. பிரெஞ்சுக்காரரான லபூர்தொனே 1735-இல் அங்கே ஆளுநர் பொறுப்பேற்று, போர்ட் லூயித் துறைமுகத்தை உருவாக்கினார். 1746-இல் சென்னையைக் கைப்பற்றியவரும் இவரே. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்களுக்கு இப்பெயர் புதிதன்று. துறைமுகத்தையும் நகரத்தையும் கட்டப் புதுச்சேரிப் பகுதியிலிருந்து கொத்தர், தச்சர் முதலிய கைவினைஞர்கள் வரவழைக்கப்பட்டனர். இந்த முற்பட்ட வரவை அத்தீவின் தமிழர் மறக்கவில்லை. 1998-இல் புதிய ரூபாய் நோட்டுகள் வெளிவந்தபோது, வழக்கமாக இரண்டாமிடத்தில் இருந்த தமிழ் எழுத்து மூன்றாமிடத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. முதலில் வந்தவர்கள் நாங்கள் என்று தமிழர் எதிர்ப்புத் தெரிவிக்க, அந்நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, பழைய வரிசையில் மீண்டும் அச்சாயின. நண்பரிடம் அத்தகைய நோட்டு ஒன்று இருந்தது. அதிலுள்ள தமிழை வியப்புப் பொருளாக எங்களிடம் காட்டினார். அதற்குப் பின்னால் ஒரு வழக்கே நடந்து முடிந்திருக்கிறது என்பதை அன்று நாங்கள் அறியோம்.

அடிமைமுறை முடியும் தறுவாயில் தோட்ட முதலாளிகளுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. 1834 நவம்பர் 2-ஆம் நாள் 'அட்லஸ்' என்னும் கப்பல் கல்கத்தாவிலிருந்து 36 தொழிலாளரைக் கொண்டுவந்து இறக்கியது. அன்று தொடங்கி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக அங்கே வந்தனர். கல்கத்தாவைப் போலவே சென்னைத் துறைமுகமும் பெருந்தொகையினரை அனுப்பியது. இவர்களுக்காக 1849-இல் போர்ட் லூயியில் கட்டப்பட்ட குடியேற்ற முகாம் இன்று 'ஆப்ரவாசி காட்' என்ற பெயரில் பேணப்படுகிறது; 2006 முதல் அதுவும் உலகப் பாரம்பரியச் சின்னம். கப்பலிலிருந்து இறங்கியவர்கள் ஏறிய 16 கற்படிகள் அங்கே இருக்கின்றன. நண்பர் அப்படிகளையும் படமெடுத்திருந்தார். கடற்கரைப் படங்களின் நடுவே அது ஒரே ஒரு படம்.

விடுமுறையைப் பற்றிப் பேசும்போது, அத்தோட்டங்களில் விடுமுறைக்கு என்ன பொருள் இருந்தது என்பதையும் அறிய வேண்டும். தொடக்கக்கால ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கானவை. மாதக்கூலி ஐந்து ரூபாய், அதோடு அரிசி, பருப்பு முதலிய படி. ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கப்படும். நோய்வாய்ப்பட்டுப் பாயில் கிடந்த நாளும் பல தோட்டங்களில் அக்கணக்கில் சேர்ந்தது. ஒப்பந்தம் முடிந்தவர்களுக்கும் விடுதலை முழுமையாகக் கிட்டவில்லை. 1867-ஆம் ஆண்டுச் சட்டம், நிழற்படம் ஒட்டிய அனுமதிச் சீட்டை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டுமென்றது. சீட்டின்றிப் பிடிபட்டால் 'நாடோடி' என்று குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தார்கள். 1871-இல் அடோல்ஃப் தெ பிளெவிட்ஸ் என்ற தோட்டக்காரர் இக்கொடுமைகளை எதிர்த்து ஒரு விண்ணப்பம் தயாரித்தார். அதில் 9,401 பழைய குடியேறிகள் ஒப்பமிட்டனர். அதன் விளைவாக அரச விசாரணைக் குழு ஒன்று அமைந்தது.

அக்குடியேறிகளின் நிழற்படங்கள் இன்றும் அத்தீவில் மகாத்மா காந்தி நிறுவன ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நேரே பார்க்கும் முகங்கள். அவர்களுள் எவரும் தாம் விரும்பிப் படமெடுத்துக்கொண்டவர் அல்லர். கடலின் முன் நின்று நாம் எடுத்துக்கொள்ளும் படம் வந்துபோனதற்குச் சான்று. அவர்களுடைய படமோ தீவுக்குள் அவர்களைக் கட்டிவைத்த கயிறு.

இதே தீவில் 1841-இல் இருபது வயது இளைஞன் ஒருவன் கரையிறங்கினான். போக்கிரித்தனம் அடங்கட்டும் என்று வீட்டார் அவனைக் கல்கத்தா செல்லும் கப்பலில் ஏற்றிவிட்டிருந்தனர். அவன்தான் பின்னாளில் உலகப் புகழ்பெற்ற பிரெஞ்சுக் கவிஞர் போதலேர். மேற்கொண்டு பயணம் செய்ய மனமின்றி அருகிலிருந்த ரியூனியன் தீவோடு நின்று, ஊர் திரும்பிவிட்டார். 'மலபார்ப் பெண்ணுக்கு' என்ற பொருளில் தலைப்பிட்ட அவருடைய கவிதை ஒன்று உண்டு. அத்தீவுகளின் பிரெஞ்சு வழக்கில் தமிழரை 'மலபார்' என்றே அழைத்தனர். எசமானருக்கு ஏவல் செய்யும் அப்பெண்ணிடம், வெயிலும் கனிகளும் நிறைந்த இந்நிலத்தை விட்டுவிட்டு நெரிசல் மிகுந்த பிரான்ஸைக் காண ஏன் ஆசைப்படுகிறாய் என்று கவிதை கேட்கிறது. கேட்டவருக்குப் பாதி வழியில் திரும்பும் உரிமை இருந்தது. அப்பெண்ணுக்கு எங்கும் போகும் உரிமை இல்லை. கவிதையின் அழகை மறுக்க நாங்கள் முற்படவில்லை. விடுமுறைக்காரரின் கண் எதைப் பார்க்கும், எதைப் பாராது என்பதற்கு அது நல்ல சாட்சி என்று மட்டும் தோன்றியது.

இனி, பினாங்கு. எங்கள் இரண்டாம் நண்பருக்கு அவ்வூர் பிடித்ததற்குக் காரணம், வெளிநாட்டில் இருக்கும் உணர்வே அங்கே ஏற்படாததுதான். ஜார்ஜ் டவுனில் 1833-இல் எழுந்த மாரியம்மன் கோயில், தமிழ் முஸ்லிம்களை நினைவூட்டும் சூலியா வீதி, அவர்கள் தோள்கழியில் சோற்றையும் கறியையும் சுமந்து விற்றதால் பெயர்பெற்ற 'நாசி கண்டார்', 1923-இல் ஓடத் தொடங்கிய மலை ரயில் என்று அடுக்கிக்கொண்டே போனார். 1786-இல் ஃபிரான்சிஸ் லைட் அத்தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமையாக்கினார். அப்போது அதற்கு வைத்த பெயர் வேல்ஸ் இளவரசர் தீவு. உடல்நலம் குன்றிய கம்பெனி அதிகாரிகள் காற்று மாற்றத்துக்காகத் தங்கும் இடமாக அதன் மலை விரைவிலேயே பெயர்பெற்றது. ரயில் வருமுன் அவர்களை டோலியில் சுமந்து மேலேற்றினார்கள்.

அதே தீவு, அதே ஆண்டுகளில், இந்தியக் கைதிகளை நாடுகடத்தும் இடமாகவும் இருந்தது. 1801-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதை நாமனைவரும் படித்திருக்கிறோம். அதற்கடுத்து நடந்தது அத்தனை பேசப்படுவதில்லை. 1802-இல் அக்கிளர்ச்சியோடு தொடர்புடைய எழுபதுக்கும் மேற்பட்டோர் தூத்துக்குடியில் கப்பலேற்றப்பட்டுப் பினாங்குக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுள் சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் ஒருவன். வயது பதினைந்தை ஒட்டியிருந்த சிறுவன்.

இதைப் பதிந்து வைத்தவர் எதிர்த்தரப்பிலேயே இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்னும் படை அதிகாரி. போருக்கு முந்திய ஆண்டுகளில் அவர் சின்ன மருதுவின் நண்பர். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்குக் கற்பித்தவர் சின்ன மருதுவே என்று, 1830-இல் வெளியான தம் இராணுவ நினைவுக் குறிப்புகளில் வெல்ஷ் நன்றியோடு எழுதியிருக்கிறார். 1818-இல் அவர் பினாங்குக்குச் சென்றபோது, நொடிந்துபோன ஒருவர் அவரைப் பார்க்க வந்தார். வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்ன பிறகுதான் அவர் துரைசாமி என்பது விளங்கிற்று. கணக்குப்படி அவருக்கு முப்பது வயதைச் சற்றே கடந்திருக்கும். கண்ணெதிரே நின்றவரோ கிழவராகத் தோன்றினார்.

ஒரே தீவின் இரண்டு வாழ்வுகள் அந்தச் சந்திப்பில் நேருக்கு நேர் நின்றன. அங்கிருந்து சென்னைக்குத் திரும்பி, பிற்காலத்தில் தம் நினைவுகளை நூலாக்கியவர் வெல்ஷ். துரைசாமியின் பதினாறு ஆண்டுகளை அவர் தம் கையால் எழுதியிருந்தால் நமக்கு வேறொரு பினாங்கு கிடைத்திருக்கும். வெல்ஷின் நூலில் அவருக்குக் கிடைத்தவை சில வரிகள்.

பின்வந்த நூற்றாண்டில் கைதிகளுக்குப் பதிலாகத் தோட்டக் கூலிகள் வந்தனர். கப்பலில் வந்தவர்களை நோய்த்தடுப்புக்காக அடைத்துவைத்த இடம், பினாங்குக்கும் பெருநிலத்துக்கும் இடையிலுள்ள ஜெரஜாக் என்ற சிறுதீவு. தொழுநோயாளர் குடியிருப்பும் அங்கேதான். 1969 முதல் 1993 வரை அது சிறைத்தீவு. 2004-இல் அங்கே ஒரு விடுமுறை விடுதி திறக்கப்பட்டது. ஒரு நிலத்தின் நினைவை மாற்ற எத்தனை சிறிய காலம் போதும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1926 முதல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியில் ஓடிய 'ரஜூலா' கப்பலை நாகைப்பட்டினத்து முதியவர்கள் இன்றும் பெயர்சொல்லி நினைவுகூர்வார்கள். எங்கள் நண்பருடைய பாட்டியின் தந்தை போனது அதில்தான் என்பது குடும்பத்தில் வழங்கும் செய்தி. கடைசிக் கடிதம் 1941-இல் வந்ததாம். அவ்வாண்டு டிசம்பரில் ஜப்பானியர் பினாங்கின்மீது குண்டு வீசினர். கப்பல் போக்குவரத்து நின்றது. அடுத்த ஆண்டு தொடங்கிய சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர் கூட்டங்கூட்டமாகக் கொண்டுசெல்லப்பட்டதையும், பல்லாயிரவர் அங்கே மடிந்ததையும் வாசகர்கள் அறிவர். அவர் அங்கே போனாரா, பினாங்கிலேயே இறந்தாரா, வேறொரு குடும்பத்தோடு நெடுங்காலம் வாழ்ந்தாரா என்று சொல்ல ஒருவரும் இல்லை.

அடுத்த கூடுகையில் இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னோம். ஆம், இரண்டும் ஒரே ஊர்தான் என்றோம். விடுமுறையைக் கொண்டாடியது குற்றமென்று நாங்கள் கருதவில்லை. மலையின் குளிர்ச்சியும் கடலின் நீலமும் பொய்யல்ல. எங்களுக்குப் புரிந்தது ஒன்றே. ஒரு ஊரை 'எனக்குப் பிடித்த இடம்' என்று சொல்வதற்குத் திரும்பும் சீட்டு ஒன்று கைவசம் வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் போனவர்களுக்கும் அவ்வூரின்மேல் ஒரு கருத்து இருந்திருக்கும். அதைக் கேட்டு எழுத ஆளில்லை.

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "பாட்டி இருந்த வரைக்கும் அவங்க அப்பாவுக்கு ஆடி அமாவாசையிலதான் படைப்பாங்க. செத்த நாள் தெரியாதவங்களுக்கு அதுதானே நாள்," என்றார். இரண்டாம் நண்பர் தம் கைப்பேசியிலிருந்த பினாங்குப் படங்களில் துறைமுகத்தின் படம் ஒன்றைத் தேடி எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.