ஆங்கில எழுத்துப் பிழைகளின் பூர்வீகம்

என் தகப்பனார் ஒரு சிறு பலசரக்குக் கடை வைத்திருந்தார். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆயினும் பார்த்தும் கேட்டும் கொஞ்சம் ஆங்கிலம் எழுதப் பழகியிருந்தார். ஒருமுறை அலுவலகம் ஒன்றுக்குச் சாமான்கள் கொடுத்துக் காசு வாங்கியபோது, பற்றுச்சீட்டைத் தம் கையாலேயே எழுதிக் கொடுத்தார். தலைப்பிலே 'றிசீற்' என்ற ஆங்கிலச் சொல். அதன் நடுவே ஓசையின்றி நிற்கும் 'பீ' என்ற எழுத்தை அவர் விட்டுவிட்டார். அங்கிருந்த லிகிதர் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, பக்கத்து மேசைக்காரருக்கும் காட்டிச் சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். அன்றோடு அப்பா ஆங்கிலத்தில் எழுதிக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். பன்னிரண்டு வயதிலே அந்த வேலை என் தலையில் விழுந்தது.

அந்த 'பீ' எங்கிருந்து வந்ததென்று நான் அறிந்தது வெகுகாலம் கழித்துத்தான். அறிந்தபோது சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது.

அந்தச் சொல்லை ஆங்கிலேயர் பிரெஞ்சு வழியாகப் பெற்றனர். 14ஆம் நூற்றாண்டிலே, கவிஞர் சோசர் வாழ்ந்த காலத்திலே, அது பொதுவாக 'பீ' இல்லாமலே எழுதப்பட்டது. பின்னர் லத்தீன் கற்ற பண்டிதர்கள், மூலச் சொல்லில் அவ்வெழுத்து இருக்கிறதே என்று அதைக் கொண்டுவந்து செருகினார்கள். வாய் அதை ஏற்கவில்லை. கை மட்டும் ஏற்றுக்கொண்டது. கடனைக் குறிக்கும் 'டெற்' என்ற சொல்லில் நிற்கும் 'பி'யும் இவ்வாறு நுழைந்ததே. (வானொலியிலே இவ்விரண்டு எழுத்துக்களின் வேறுபாடு காதுக்குத் தெரியும். தமிழில் அச்சிட்டால் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. இங்கே ஆங்கில அரிச்சுவடியின் இரண்டாம் எழுத்தைக் கொள்க. நமது எழுத்திலும் இப்படிச் சில சங்கடங்கள் உண்டு.)

ஷேக்ஸ்பியர் இந்தப் பண்டிதர்களைச் சும்மா விடவில்லை. 1598இல் அச்சான அவரது இன்பியல் நாடகமொன்றிலே ஹொலொபர்னிஸ் என்றொரு உபாத்தியாயர் வருகிறார். கடன் என்ற சொல்லை அந்த எழுத்தை ஒலிக்காமல் உச்சரிக்கிறார்களே என்று அவர் பொருமுகிறார். சபை அவரைப் பார்த்துச் சிரிக்கவேண்டும் என்பதே நாடகாசிரியரின் நோக்கம். சிரித்திருப்பார்கள். ஆனால் எழுத்து நிலைத்துவிட்டது.

லத்தீன் மூலமாவது உண்மையாக இருந்தால் ஓரளவு மன்னிக்கலாம். தீவிலே வாழும் நாம் அடிக்கடி எழுத நேரும் 'ஐலன்ட்' என்ற சொல்லைப் பாருங்கள். அது தூய பழைய ஆங்கிலச் சொல். அதில் 'எஸ்' இருந்ததில்லை. லத்தீன் வழிவந்த 'ஐல்' என்ற வேறொரு சொல்லோடு அதை உறவு என்று தவறாக எண்ணி, அங்கிருந்த 'எஸ்'ஸை இங்கும் ஒட்டிவிட்டார்கள். இன்று அந்த 'எஸ்'ஸை விடுகின்ற பிள்ளைக்குப் புள்ளி குறைகிறது!

இந்தக் குழப்பம் ஏன் அப்படியே உறைந்துபோயிற்று? வில்லியம் கக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் இங்கிலாந்தின் முதல் அச்சுக்கூடத்தை நிறுவினார். அதற்கு முன் நெடுங்காலம் பெல்ஜியத்திலுள்ள புரூஜ் நகரில் வாழ்ந்தவர் அவர். பேயைக் குறிக்கும் 'கோஸ்ற்' என்ற சொல்லில் இன்றும் நிற்கும் 'எச்' அந்நாட்டுப் பிளெமிஷ் எழுத்து வழக்கின் சாயலென்பர். 1490இல் அவர் எழுதிய முன்னுரையொன்றிலே ஒரு வேடிக்கை வருகிறது. தேம்ஸ் நதியிலே காற்றின்றி நின்ற கப்பலிலிருந்து வணிகர்கள் கரையிறங்கினார்கள். அவர்களில் ஒருவர் ஒரு வீட்டில் முட்டை கேட்டார். வடபுலத்துச் சொல்லால் கேட்டபடியால், தனக்குப் பிரெஞ்சு தெரியாதென்று வீட்டுக்காரி சொல்லிவிட்டாள். அவருக்கும் பிரெஞ்சு தெரியாது, கோபம் வந்துவிட்டது. இன்னொருவர் தென்புலத்துச் சொல்லைச் சொன்ன பிறகே காரியம் நடந்தது. முட்டைக்கே இரண்டு சொல் இருக்கும்போது, எதை அச்சிடுவது என்று கக்ஸ்டன் திகைத்தார். அந்தத் திகைப்பிலே பிறந்த எழுத்துக்கூட்டல்தான் பிள்ளைகளின் கொப்பிகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதே காலத்தில் நெட்டுயிர்களின் உச்சரிப்பும் மாறிக்கொண்டிருந்தது. ஓசை நகர்ந்துபோக, எழுத்து நின்ற இடத்திலேயே நின்றது.

1755இல் சாமுவேல் ஜோன்சன் தமது பேரகராதியை வெளியிட்டார். 'றிசீற்' என்பதற்கு 'பீ' உண்டு. வஞ்சகத்தைக் குறிக்கும் 'டிசீற்' அதே லத்தீன் வேரிலிருந்து வந்தது, ஆனால் அதற்கு 'பீ' இல்லை. இந்த முரண்பாடு அவருக்குத் தெரியாததன்று. பெரும்பான்மையோரின் வழக்குக்கு இணங்கியே இப்படி எழுதுகிறேன் என்று முன்னுரையில் அவரே ஒப்புக்கொள்கிறார். லிகிதரின் சிவப்புப் பென்சிலுக்குப் பின்னால் இருந்த சட்டம் இவ்வளவுதான்.

மற்றொரு பிழையையும் சொல்லவேண்டும். 'அதனுடைய' என்று பொருள்படும் 'இற்ஸ்' என்பதில் மேற்குறி இடுவது இன்று படித்தவர்களும் விடும் பிழை. 1611இல் வெளியான ஆங்கில விவிலியத்தின் முதற்பதிப்பில் அந்தச் சொல்லே இல்லை. அது புதிதாக வழக்குக்கு வந்தபோது பலர் மேற்குறியோடுதான் எழுதினார்கள். 1787இல் கையால் எழுதப்பட்ட அமெரிக்க அரசியலமைப்பின் முதலாம் உறுப்புரையில், பரிசோதனைச் சட்டங்கள் பற்றிய வரியில், அந்தக் குறி இன்றும் இருக்கிறது. ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்துக்கு வட்டமிட எவருக்குத் துணிவு வரும்?

திருத்த முயன்றவர்களும் உண்டு. நோவா வெப்ஸ்டர் சில சொற்களில் வென்றார். நிறத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அமெரிக்கர் 'யூ'வை நீக்கியது அவர் செல்வாக்கால்தான். நாக்குக்கும் பெண்களுக்கும் அவர் தந்த புதிய எழுத்துக்கூட்டலை எவரும் ஏற்கவில்லை. பேர்னாட் ஷா புதிய நெடுங்கணக்கொன்றுக்கென உயிலிலே பணம் ஒதுக்கினார். அந்த எழுத்தில் அவரது நாடகமொன்று 1962இல் அச்சேறியது. அவ்வளவோடு சரி.

நானும் பிற்காலத்தில் ஆங்கிலம் கற்பித்தேன். 'பீ'யை விட்ட பிள்ளைகளுக்குப் புள்ளி குறைத்தேன். பரீட்சைக்கு வேறு வழியில்லை. ஆனால் வட்டமிட்டவுடன் இந்தக் கதையையும் சொல்லிவிடுவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள், சக மாணவனைப் பார்த்தல்ல, பண்டிதர்களைப் பார்த்து.

அப்பா காலமான பின் கடைக் கணக்குக் கொப்பிகளை எடுத்துப் புரட்டினேன். ஒன்றிலே, கடைசிப் பக்கத்தில், கணக்கு எதுவும் இல்லை. 'றிசீற்' என்ற அந்த ஒரே சொல்லை ஆங்கிலத்தில் மேலிருந்து கீழாகப் பல தடவை எழுதியிருந்தார். எல்லாவற்றிலும் 'பீ' இருந்தது.