காற்றாலைக்கு வந்த இலவச இணைப்பு

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், டெட்ராய்ட் நகருக்கு மேற்கே பிளிமத் என்றொரு சிற்றூர். 1882இல் அங்கே ஒரு காற்றாலைத் தொழிற்சாலை முளைத்தது. கிணற்று நீரை மேலே கொண்டுவர அந்தக் காலத்து விவசாயிகள் பெரும்பாலும் மரக் காற்றாலைகளை நம்பியிருந்தார்கள். மழையில் ஊறி, வெயிலில் வெடிக்கும் மரத்துக்குப் பதிலாக இரும்பிலேயே காற்றாலை செய்தால் என்ன என்று யோசித்தார் கிளாரன்ஸ் ஹாமில்டன் என்ற கண்டுபிடிப்பாளர். 'பிளிமத் இரும்புக் காற்றாலை நிறுவனம்' பிறந்தது. காற்று தங்களை வாழவைக்கும் என்று பங்குதாரர்கள் நம்பினார்கள். கடைசியில் வாழவைத்ததும் காற்றுதான். ஆனால் அது அவர்கள் எதிர்பார்த்த திசையிலிருந்து வீசவில்லை.

இரும்புக் காற்றாலை நினைத்தபடி விற்கவில்லை. ஆறு ஆண்டுகள் தள்ளாடிய பிறகு, 1888 ஜனவரியில் இயக்குநர்கள் கூடினார்கள். ஆலையை இழுத்து மூடிவிடலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஒரே ஒரு வாக்கில் ஆலை தப்பியது. அந்த ஒற்றை வாக்கு பொது மேலாளர் லூயிஸ் காஸ் ஹஃப் போட்டது என்று சொல்வார்கள். உயிர் மிஞ்சியது, சரி. விற்பதற்குச் சரக்கு எங்கே?

அந்த நேரத்தில்தான் ஹாமில்டன் ஒரு சின்னப் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு ஹஃபின் அறைக்குள் நுழைந்தார். ஒரு குழல், பித்தளையில் வார்த்த உடல், தோளில் முட்டுக்கொடுக்க வளைத்துவிட்ட கம்பி. மருந்துக்கும் மரம் கிடையாது. மேலே இருந்த நெம்புகோலை இழுத்ததும் உள்ளே ஒரு சுருள்வில் இறுகிக்கொண்டது. குழலின் வாய் வழியாக ஓர் ஈயக் குண்டைப் போட்டு விசையை அழுத்தினால், வில் விடுபட்டு உந்துதண்டைத் தள்ளியது. தண்டு காற்றை நெருக்கியது. நெருங்கிய காற்று குண்டை வெளியே துரத்தியது. வெடிமருந்து இல்லை, நெருப்பு இல்லை, புகை இல்லை. ஹஃப் அதை வாங்கிச் சுட்டுப் பார்த்தார். மறுகணம் அவர் வாயிலிருந்து வந்த ஒரு சொல், அந்த ஊரின் தலையெழுத்தையே மாற்றியது.

'டெய்சி!' வெள்ளை இதழும் மஞ்சள் நடுவும் கொண்ட பூவின் பெயர் அது. அன்றைய அமெரிக்கப் பேச்சுவழக்கில் 'அருமையான சரக்கு' என்றும் பொருள். வியப்பில் உதிர்ந்த சொல்லே பொருளின் பெயராக ஒட்டிக்கொண்டது. காற்றில் இயங்கும் துப்பாக்கி அந்த ஊருக்குப் புதிதல்ல. மார்க்கம் என்பவர் அதே பிளிமத்தில் மரத்தால் ஒன்றைச் செய்து விற்றுக்கொண்டிருந்தார். முழுக்க உலோகம் என்பதுதான் இதன் பெருமை. ஆனாலும் காற்றாலைக்காரர்கள் இதைத் தனிச் சரக்காக நினைக்கவில்லை. காற்றாலை வாங்கும் விவசாயிக்கு இலவச இணைப்பாகக் கொடுத்தார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

காற்றாலை தோட்டத்தில் நின்றது. துப்பாக்கி பிள்ளைகளின் கைக்குப் போனது. பிறகு வந்த கடிதங்கள் காற்றாலை கேட்டு வரவில்லை, துப்பாக்கி கேட்டு வந்தன. இலவச இணைப்பு, காற்றாலையையே விழுங்கிவிட்டது. காற்றாலை செய்வதையே விட்டுவிட்டு, 1895 ஜனவரி 26 அன்று நிறுவனத்தின் பெயரையும் டெய்சி என்று மாற்றினார்கள். பெயர் நிலைத்தது. அடுத்த திருப்பத்தைத் தந்ததோ ஆலையிலிருந்த பொறியாளர்கள் அல்ல, தெருவில் திரிந்த சிறுவர்கள்.

தொடக்கத்தில் இதற்குப் போட்டது பறவை வேட்டைக்கான ஈய ரவைதான். ரவைகளின் அளவுப் பட்டியலில் 'பிபி' என்று குறிக்கப்பட்டது ஒன்று, குறுக்களவு 0.18 அங்குலம். பிறகு டெய்சி அதைக் கொஞ்சம் குறைத்து 0.175 அங்குலமாக்கியது. ஈயம் மிச்சமானது, குண்டும் வேகமாகப் போனது. 1920களில் மினியாபொலிஸ் நகரத்துச் சிறுவர்கள் இன்னொரு வழி கண்டார்கள். அங்கே பேரிங் குண்டு செய்யும் ஆலை ஒன்று, கழிவென்று ஒதுக்கிய எஃகுக் குண்டுகளை வெளியே கொட்டிவந்தது. நம் ஊர் சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று கேட்டு வாங்கும் அதே உருண்டை. துப்பாக்கியில் போட்டால் கச்சிதமாகப் போனது, காசும் செலவில்லை. சில நாட்களில் டெய்சிக்குப் பழுதான துப்பாக்கிகள் வந்து குவியத் தொடங்கின.

மிருதுவான ஈயத்துக்காகச் செய்த குழலைக் கடினமான எஃகு பதம் பார்த்திருந்தது. காரணம் தெரிந்ததும் நிறுவனம் சிறுவர்களோடு மல்லுக்கு நிற்கவில்லை. எஃகுக் குண்டையே துல்லியமாகச் செய்து விற்கும் வழியைத் தேடிக்கொண்டது. ஈயத்தின் காலம் முடிந்தது. ஆனால் ஈயத்திடம் இருந்த ஒரு நல்ல குணமும் அதோடு போய்விட்டது. கெட்டியான பொருளில் பட்டால் ஈயம் நசுங்கி விழும். எஃகு பட்ட வேகத்தில் திரும்பி வரும். எஃகுக் குண்டு சுடுபவர் பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் நிற்கக் கூடாது என்ற விதிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. அந்த விதி அவசியம் என்று ஊர் உணர்வதற்குள் துப்பாக்கி மீதான மோகம் இன்னும் கூடிவிட்டது.

சித்திரக்கதை நாயகன் ரெட் ரைடர் 1938இல் செய்தித்தாள்களில் குதிரையேறி வந்தான். அவன் பெயரில் டெய்சி கொண்டுவந்த துப்பாக்கி, குழந்தைகளின் கனவாகவே ஆனது. கிறிஸ்துமஸுக்கு அதைக் கேட்டு ஏங்கும் சிறுவனையும், பையன் கண்ணைக் கெடுத்துக்கொள்வான் என்று நடுங்கும் தாயையும் வைத்து 1983இல் ஒரு திரைப்படமே வந்தது. அந்தத் துப்பாக்கி நூற்றுக்கணக்கான குண்டுகளை வயிற்றில் கொட்டிக்கொள்ளும். இழு, சுடு, இழு, சுடு. கொண்டாட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அத்தனை குண்டுகளை வைத்திருக்கும் பிள்ளைக்கு ஒரு குண்டு வீணானால் வலிக்குமா?

இந்தக் கேள்வி பயிற்சி கொடுப்பவர்களுக்குத்தான் முதலில் உறைத்தது. டெய்சி 1958இல் ஆர்கன்சா மாநிலத்தின் ராஜர்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1960களில் ஜேசீஸ் என்ற இளைஞர் சேவை அமைப்போடு சேர்ந்து பிள்ளைகளுக்கு முறையான பயிற்சியும் போட்டியும் நடத்தியது. 8 முதல் 15 வயது வரை உள்ளவர்கள், 5 மீட்டர் தூரம், படுத்து, உட்கார்ந்து, மண்டியிட்டு, நின்று என நான்கு நிலைகள். கூடவே ஓர் எழுத்துத் தேர்வு. பாதுகாப்பு விதி தெரியாதவருக்கு மதிப்பெண் குறைந்தது. இந்தப் போட்டிக்கு வேகமான துப்பாக்கி தேவைப்படவில்லை. அப்படியானால் எது தேவைப்பட்டது?

விடையாக வந்தது டெய்சி 499. எடை ஏறக்குறைய 1.4 கிலோ, பத்து வயதுப் பிள்ளையின் தோள் தாங்கும். பின்னால் சிறு துளை, முன்னால் சிறு வளையம். இரண்டையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து இலக்கைப் பார்க்கச் சொல்லிக் கொடுப்பது எளிது. குண்டு பறக்கும் வேகம் நொடிக்கு சுமார் 240 அடி. வேட்டைக்கு ஆகாது, தாள் இலக்குக்குத் தாராளம். அதற்குள் குண்டுகளைக் கொட்டி வைக்க இடமே இல்லை. ஒரு குண்டு, அதையும் குழலின் வாயில்தான் போட வேண்டும். குழல் அவ்வளவு இறுக்கம் என்பதால் குண்டு தடதடவென்று விழாது. மெல்ல உருண்டு, ஓரிரு நொடி கழித்து அடியிலிருக்கும் காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ளும்.

முதல் துப்பாக்கி வாங்கிக்கொடுக்கும் பெரியவர்களின் கண் பெரும்பாலும் வேகத்தின் மீதும் குண்டுகளின் எண்ணிக்கை மீதும்தான் போகும். கற்றுக்கொடுத்துப் பழகியவர்கள் வேறு பார்த்தார்கள். நெம்புகோல் பிள்ளையின் கைக்கு வளைகிறதா, கட்டை தோளுக்குப் பொருந்துகிறதா, பக்கத்தில் ஒரு பெரியவர் இருக்கிறாரா, கண்ணாடி இருக்கிறதா, ஒரு முறைக்கு ஒரே குண்டுதானா. எவ்வளவு வேகத்தையும்விட அந்த ஒரு குண்டு அதிகம் கற்றுக்கொடுத்தது.

1888இல் ஹாமில்டன் கொண்டுவந்த துப்பாக்கியும் வாய் வழியே ஒற்றைக் குண்டு வாங்கியதுதான். அன்று அதற்கு மேல் வழி தெரியவில்லை. எல்லா வழியும் தெரிந்த பிறகு, பிள்ளைகளுக்காக அதே வழிக்கு வேண்டுமென்றே திரும்பினார்கள். குண்டு உருண்டு அடியைத் தொடும் அந்த ஓரிரு நொடியில் அவசரப்பட ஒன்றுமில்லை. பிள்ளை மூச்சை விடுகிறது, தோளைத் தளர்த்துகிறது, இலக்கைப் பார்க்கிறது. குறி பார்க்கும் பாடம் தொடங்குவது அங்கேதான்.