சிவப்பு ஊசி பிறந்த கதை

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கி ஒரகடம் ஆலைகளுக்குப் போகிறவர்களில் பலருக்கு ஷிப்ட் முழுக்க நின்றபடியே வேலை. பாதம் மரத்துப்போனால், எரிச்சல் எடுத்தால், நின்று நின்று வந்தது என்றுதான் தோன்றும். பல நேரம் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் ரத்தத்தைச் சோதித்துவிட்டுச் சிலருக்கு டாக்டர் எழுதித் தருவது, ரத்தச் சிவப்பில் இருக்கும் ஒரு சின்ன ஊசி மருந்து: வைட்டமின் பி12. நரம்புக்காகப் போடும் இந்த மருந்தைத் தேடிப் போனவர்களை வழிநடத்தியது இரைப்பையும் குடலும்தான்.

1855இல் லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் ஒரு விசித்திரமான ரத்தசோகையை விவரித்தார். நோயாளி வெளுத்து, தளர்ந்து, கடைசியில் இறந்துபோவார். பின்னால் வந்த மருத்துவர்கள் இன்னொன்றையும் கவனித்தார்கள். இந்த நோயாளிகளில் சிலருக்குக் கால் மரத்தது, இருட்டில் நடை தள்ளாடியது, நினைவு தவறியது, புத்தியும் தடுமாறியது. எழுபது ஆண்டுகளுக்கு இதற்கு மருந்தே கிடையாது.

ரத்தம் இழந்த நாய்களுக்கு ஈரல் கொடுத்தால் ரத்தம் வேகமாக ஊறுவதை அமெரிக்காவில் ஜார்ஜ் விப்பிள் கண்டார். அதைப் பிடித்துக்கொண்டு, 1926இல் பாஸ்டனில் ஜார்ஜ் மினாட்டும் வில்லியம் மர்ஃபியும் 45 நோயாளிகளுக்கு நாள்தோறும் ஈரல் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்கள் தேறினார்கள். மூவருக்கும் 1934இல் நோபல் பரிசு கிடைத்தது. ரத்தம் குறைந்தவர்களுக்கு ஈரலும் சுவரொட்டியும் ஆக்கிப்போடும் நம் வீட்டுப் பெண்களுக்கு இது புதுச் செய்தியாக இருந்திருக்காது.

மற்றவர்கள் சாதாரணச் சாப்பாட்டிலேயே நன்றாக இருக்கும்போது இவர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கதி? பாஸ்டனின் வில்லியம் காசில் இதற்கு விடை தேடிய விதம் அசாத்தியமானது. அவர் 300 கிராம் மாட்டிறைச்சியைத் தானே சாப்பிட்டார். ஒரு மணி நேரம் கழித்து அதை வெளியே எடுத்துப் பக்குவம் செய்து நோயாளிக்குக் கொடுத்தார். நோயாளியின் ரத்தம் ஊறியது. வெறும் இறைச்சி கொடுத்தபோது ஊறவில்லை. ஆரோக்கியமான இரைப்பை ஏதோ ஒன்றைச் சுரக்கிறது, அது இல்லாமல் உணவிலுள்ள சத்து உடம்பில் சேர்வதில்லை என்பது 1929இல் உலகுக்குத் தெரிந்தது. நரம்பைத் தின்ற நோயின் வேர் வயிற்றில் இருந்தது.

அதே காலத்தில் இங்கேயும் ஒரு தேடல் நடந்தது. பம்பாய் ஆலைத் தொழிலாளிப் பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் வரும் ரத்தசோகையை ஆராய 1928இல் வந்தவர் லூசி வில்ஸ். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், நாம் இன்றும் கோஷா ஆஸ்பத்திரி என்று சொல்லும் சென்னை மருத்துவமனையிலும் அவர் வேலை செய்தார். மலிவான ஈஸ்ட் சாறே அந்தப் பெண்களைக் குணமாக்கியது. அதிலிருந்தது ஃபோலிக் அமிலம். 1945இல் அதை ஆய்வகத்தில் உருவாக்கிய அமெரிக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

அடிசன் விவரித்த நோய் உள்ளவர்களுக்கு ஃபோலிக் அமிலம் கொடுத்தபோது ஓர் ஆபத்து வெளிப்பட்டது. ரத்தம் ஊறியது, ஆனால் நரம்புச் சேதம் நிற்கவில்லை. அப்படியென்றால் நரம்புக்கு வேண்டியது வேறொன்று. 1948இல் அமெரிக்காவின் மெர்க் நிறுவனமும் பிரிட்டனின் கிளாக்ஸோவும் தனித்தனியாக ஈரலிலிருந்து அதை, அதாவது பி12ஐ, சிவப்புப் படிகமாகப் பிரித்தெடுத்தன. நடுவில் கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கும் அதன் அமைப்பை எக்ஸ்ரே கொண்டு கண்டறிந்தவர் டோரதி ஹாட்ஜ்கின்.

பி12ஐச் செடிகளும் செய்வதில்லை, விலங்குகளும் செய்வதில்லை, நுண்ணுயிர்கள்தான் செய்கின்றன. நம் பெருங்குடலிலும் அவை செய்கின்றன. ஆனால் பி12ஐ உறிஞ்சும் இடமோ சிறுகுடலின் கடைசிப் பகுதி, அதாவது பெருங்குடலுக்கு முன்னால். அதனால் அங்கே செய்தது நமக்குச் சேர்வதில்லை. இங்கேதான் வேலூர் வருகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும், கிராமங்களில் பரவிக் குடலின் உறிஞ்சும் திறனைக் கெடுத்த ஸ்புரூ நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். அவர்களும் ஜான் ஆல்பர்ட்டும் சேர்ந்து 1980இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: நல்ல உடல்நலத்தோடு இருக்கும் தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே பி12 செய்யக்கூடிய பாக்டீரியா வாழ்கிறது.

அதற்காக யாரும் அதை நம்பி இருந்துவிட முடியாது. சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகினால் உணவிலுள்ள பி12ஐயும் அவையே எடுத்துக்கொள்ளும். சர்க்கரைக்குப் பல ஆண்டுகள் போடும் மெட்ஃபார்மின் பி12 சேர்வதைக் குறைக்கிறது. அசிடிட்டி மாத்திரையை விடாமல் போட்டாலும் அப்படித்தான். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி எதுவும் போதிய அளவு தட்டில் இல்லாதவருக்கு வரவே குறைவு. ஈரலில் சேமிப்பு இருப்பதால் குறை தெரிய ஆண்டுகள் ஆகும். தெரியும்போது, கால் எரிச்சல் சர்க்கரையின் கணக்கிலும் மறதி வயதின் கணக்கிலும் எழுதப்பட்டுவிடும். வெகுநாள் விட்டுவிட்டால் நரம்பு முழுமையாகத் திரும்புவதில்லை.

அதனால் கால் மரக்கிறது, ஞாபகம் தவறுகிறது என்று டாக்டரிடம் போகும்போது, என்ன சாப்பிடுகிறோம், வயிறு எப்படி இருக்கிறது, எந்த மாத்திரையை எத்தனை வருடமாகப் போடுகிறோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கேட்காவிட்டாலும் நாமே சொல்ல வேண்டும்.