1003 யார்?

எம்பிலிப்பிட்டியவில் நாங்கள் நாலு பேர் ஒரு பழைய கணினியில் லினக்ஸ் போட்டுப் பழகினோம். ஒருத்தி படிப்பை விட்டுப் போனதும் அவளுடைய கணக்கை அழித்தோம். அவள் எழுதி வைத்த கட்டுரைகள் மட்டும் அப்படியே இருந்தன. உரிமையாளர் பெயர் வரும் இடத்தில் 1003 என்று வெறும் எண். இது என்ன கூத்து என்று தேடப் போய்த்தான் பழைய கதைக்குள் விழுந்தோம்.

யுனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரில் வந்தது. பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் எழுதியது. அப்போது ஒரு கோப்புக்கு இரண்டே வகை ஆட்கள்: சொந்தக்காரர், மற்றவர். 'குழு' பிறகுதான் நடுவில் வந்தது. பெயர்கள் தனியாக ஒரு பட்டியலில் இருக்கும்; கேர்னல் அதைப் பார்ப்பதே இல்லை. கோப்பில் பதிந்த எண்ணையும் திறக்க வந்தவரின் எண்ணையும்தான் ஒப்பிடும். பட்டியலில் பெயரை அழித்தாலும் கோப்பில் எண் கிடக்கும். நாளைக்கு அதே எண் புது ஆளுக்குப் போனால் கோப்பும் அவருக்கே!

1975இல் வந்த ஆறாம் பதிப்பின் நிரலை, சிட்னியில் ஜோன் லயன்ஸ் தன் மாணவர்களுக்காக வரி வரியாக விளக்கினார். பிறகு அதை வகுப்பில் படிப்பிக்க உரிமம் தடை போட்டதால், போட்டோ கொப்பியாகவே கைமாறியதாம். அனுமதியைச் சரிபார்க்கும் பகுதி அதில் சில வரிகள்தான். எண் 0 என்றால், அதாவது ரூட் என்றால், அநேகமாக எல்லாத்துக்கும் வழி. அடுத்து, நீங்கள் சொந்தக்காரரா? ஆம் என்றால் சொந்தக்காரருக்கான அனுமதியை மட்டும் பார்க்கும். அதில் 'வாசிக்கலாம்' இல்லையென்றால், ஊரே வாசிக்கும் கோப்பை உங்களால் வாசிக்க முடியாது. அனுமதியை நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்பது ஆறுதல்.

எங்கட தோட்டத்து ஆட்களுக்கு அந்த ஆறுதலும் இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், இங்கேயே பிறந்தவரிடமும் அப்பா இங்கே பிறந்தாரா, இல்லாவிட்டால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தார்களா என்று கேட்டது. லயத்துக் காம்பராவில் அதற்கு ஏது பத்திரம்? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாமாம். எஞ்சியவர்களுக்காக 2003இலும் ஒரு சட்டம் தேவைப்பட்டது. கேர்னல் எவ்வளவோ மேல், பூட்டனின் பிறப்பைக் கேட்பதில்லை.

லினக்ஸில் உரிமையாளரை மாற்ற ரூட் அதிகாரம் வேண்டும். அந்தக் கடவுச்சொல் எங்களிடம் இருக்கிறது. ஆனாலும் கட்டுரைகளை யார் பெயருக்கும் மாற்றவில்லை. 1003ஐப் புது ஆளுக்குக் கொடுக்கவும் இல்லை. அவள் வந்தால் அதே எண்ணில் கணக்குத் திறந்து கொடுப்போம்.