மறைமுக வாடிக்கையாளரும் பழைய ஒற்றரும்

மிஸ்டரி ஷாப்பிங் எனப்படும் மறைமுக வாடிக்கையாளர் பணி என்பது, வாங்க வந்தவர் போலக் கடைக்குள் சென்று, அங்குள்ள சேவையைக் கவனித்து, பணித்த நிறுவனத்துக்கு அறிக்கை தருவதாகும். இப்பெயர் 1940-களில் அமெரிக்காவில் வழங்கத் தொடங்கியது. பணிப்பவரின் கெடுபிடியோ மிகப் பழையது.

திருக்குறளின் 59-ஆம் அதிகாரமான ஒற்றாடலைப் பாருங்கள். ஒற்றர் பிறர் ஐயுறாத உருவம் கொள்ள வேண்டும்; கண்டதை எங்கும் வெளிவிடக் கூடாது (585). ஒருவர் தந்த செய்தியை இன்னோர் ஒற்றரைக் கொண்டு ஒப்பிட வேண்டும் (588). ஒருவரையொருவர் அறியாத மூவரின் சொல் ஒத்தால்தான் நம்பலாம் (589). அர்த்தசாஸ்திரமும் மூவர் கூற்று ஒத்திருப்பதையே கேட்கிறது. அடிக்கடி முரண்பட்டால் மறைவாகத் தண்டிக்கவோ விலக்கவோ சொல்கிறது. மூவரில் ஒருவர் மட்டும் உண்மையைக் கண்டிருந்தால் அவர் பாடு திண்டாட்டம்தான். வள்ளுவர் ஒற்றருக்குச் சிறப்புச் செய்யவும் சொல்கிறார், பிறர் அறியாமல் (590).

இன்று அந்த மூவரின் இடத்தில் ரசீது இருக்கிறது. அது தொலைந்தால் கூலி கிடைக்காமல் போவதும் உண்டு. பணியாளர் பெயர், காத்திருந்த நிமிடங்கள் எல்லாம் அறிக்கையில் வேண்டும். ஆனால் கடையில் நின்று குறிப்பெடுக்கக் கூடாது! திண்டிவனம் கடைத்தெருக் கூட்டத்தில் ஒருவாறு மறைந்துகொள்ளலாம். பக்கத்திலுள்ள எங்கள் பெருமுக்கல்லில் புதுமுகம் தென்பட்டாலே, யார் வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டுவிடுவார்கள்.