கைதியாய் வந்த கோல் காப்பாளர்

உதைபந்தாட்ட வீரர் பலரின் பெயர்களை நம் வாலிபர்கள் நன்கறிவர். பேலே, மரடோனா என்னும் பெயர்கள் முள்ளியவளையிலும் பரந்தனிலும் சிறுவர் வாயில் அடிபடுவன. ஆயின் பேர்ட் டிரவுட்மன் என்னும் ஜேர்மானியரைக் கேள்வியுற்றோர் நம்மிடையே மிகச் சிலரே. உலகக் கிண்ணப் போட்டி ஒன்றிலேனும் அவர் ஆடினாரல்லர். அவர் சரித்திரத்தை இம்மலரில் எழுத நாம் துணிந்தமைக்குக் காரணம் வேறு. எதிரிப் படையிற் சிப்பாயாய் இருந்த ஒருவர், தம்மை வெறுக்க நியாயம் உடைய ஓர் ஊரின் நடுவே நின்று பதினைந்து ஆண்டுகள் பந்து பிடித்த கதை அது.

1923ஆம் ஆண்டு ஒக்டோபர் 22இல் பிறேமன் நகரிலே பிறந்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபொழுது பத்து வயதும் நிரம்பாத பாலகர். அக்காலத்து ஜேர்மானியச் சிறுவரைப் போலவே நாசி இளைஞர் அணியிற் சேர்ந்தார். பின்னர்ப் பரசூட் படைவீரராகி ரஷ்யப் போர்முனையிற் போரிட்டு இரும்புச் சிலுவைப் பதக்கமும் பெற்றார். உக்ரைன் காடொன்றில் யூத மக்கள் கூட்டமாகச் சுட்டுக் கொல்லப்பட்டதை மறைந்திருந்து கண்டதாகப் பிற்காலத்தில் அவரே கூறினார். அவர் குற்றமற்ற குழந்தை என்று நாம் வாதாட வரவில்லை. 1945இல் பிரித்தானியர் கையிற் பிடிபட்டார்.

இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியிலே கைதிகள் முகாம் ஒன்றில் அவர் அடைக்கப்பட்டார். முட்கம்பி வேலிக்குள் நாட்கள் எவ்வாறு நகரும் என்பதை வன்னி வாசகருக்கு நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை. வேலிக்குள் பந்து ஒன்று இருந்தது. முதலில் அவர் கோல் காப்பாளரல்லர். நடுவில் நின்று தடுத்தாடுபவர். அயலூர் அணி ஒன்றுடன் ஆடிய ஆட்டத்தில் காயமுற்று, தம் அணியின் கோல் காப்பாளருடன் இடம் மாறி நின்றார். அன்று தற்செயலாய் நேர்ந்த மாற்றமே அவர் வாழ்வின் போக்கை நிர்ணயித்தது.

1948இல் ஊர் திரும்ப அனுமதி கிடைத்தும் அவர் திரும்பவில்லை. பண்ணையிலும், வெடிக்காத குண்டுகளை அகற்றும் பிரிவிலும் வேலை செய்துகொண்டு, சென் ஹெலன்ஸ் என்னும் சிற்றூர் அணிக்கு ஆடினார். 1949 ஒக்டோபரில் மான்செஸ்டர் சிட்டி கழகம் அவரை ஒப்பந்தம் செய்தது. ஊரே கொதித்தெழுந்தது. ஜேர்மானியக் குண்டுகளால் இடிந்த வீடுகள் நிறைந்த நகரம் அது; யூத மக்களும் பெருந்தொகையாக வாழ்ந்தனர். 20,000 பேர் வீதியில் இறங்கினர் என்பர்.

அவ்வேளையில் இருவர் பேசினர். அணித் தலைவரான எரிக் வெஸ்ற்வுட், நோமண்டியிற் போரிட்டவர். உடைமாற்றும் அறைக்குள் யுத்தம் இல்லையென்று கூறி அவரை வரவேற்றார். மற்றவர் யூத மதகுரு அலெக்சாண்டர் அல்ற்மன். நாசிகளுக்குத் தப்பி 1938இல் பெர்லினிலிருந்து வந்தவர். ஒரு நாடு செய்த பாவத்துக்காகத் தனி மனிதர் ஒருவரைத் தண்டித்தலாகாது எனப் பகிரங்கக் கடிதம் எழுதினார். அவரவர் வினை அவரவரையே சாரும் என்று கோயில் மண்டபங்களிற் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆயினும் அதனை எழுதும் உரிமையும் எழுதாதிருக்கும் உரிமையும் ஒருங்கே பெற்றிருந்த ஒருவர், ஆத்திரம் ஆறாத காலத்தில் எழுதினாரே, அஃது எளிய காரியமன்று.

1950 ஜனவரியில் லண்டன் நகரில் புல்ஹாம் அணியுடன் ஆட்டம். பார்வையாளர் அவரைத் தூற்றிய வண்ணமே இருந்தனர். சிட்டி ஒரு கோலால் தோற்றது; ஆயினும் அவர் தடுத்த பந்துகள் பலப்பல. ஆட்டம் முடிந்து வெளியேறுகையில் இரு அணி வீரரும் வரிசையாக நின்று கைதட்டினர்.

அவருடைய ஆட்டத்தின் நுட்பத்தையும் நம் கோல் காப்பாளர்கள் கவனித்தல் நன்று. பந்தைப் பிடித்தவுடன் வானளாவ உதைத்துவிடுவது அக்காலத்து வழக்கம். டிரவுட்மனோ இளமையிற் கைப்பந்து ஆடியவர். நெடுந்தூரம் குறிதவறாது எறிந்து, சகவீரர் காலடியிலேயே பந்தைச் சேர்ப்பார். டொன் றெவி என்னும் முன்னாட்டவீரர் பின்வாங்கி நின்று பந்தை வாங்கித் தாக்குதலை நடத்தும் சிட்டியின் புதுமுறைக்கு அவ்வெறிதல் பெருந்துணையாயிற்று.

1956 மே 5இல் வெம்பிளி மைதானத்தில் இங்கிலாந்துக் கிண்ண இறுதியாட்டம். எதிரணி பேர்மிங்ஹாம். ஆட்டம் முடியப் பதினேழு நிமிடம் அளவில் இருக்கையில், பாய்ந்து பந்தைப் பற்றிய அவர் கழுத்தில் எதிரணி வீரரின் முழங்கால் மோதியது. மாற்று வீரரை இறக்க அன்று விதியில்லை. தள்ளாடியபடியே கோலைக் காத்தார்; சிட்டி 3–1 என வென்றது. நான்கு நாள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் கழுத்தெலும்பு முறிந்திருந்தமை தெரிந்தது. இரண்டாம் எலும்பு பிளந்திருக்க, மூன்றாம் எலும்பு அதில் ஆப்புப்போல் இறுகி நின்றதால் உயிர் பிழைத்தார். இதனைக் கேட்டு, அடிபட்டும் ஆடுவதே வீரமென்று நம் பிள்ளைகள் கருதிவிடலாகாது, வைத்தியரிடம் செல்க. அவ்வாண்டே அவருடைய ஐந்து வயது மகன் மோட்டார் வாகனம் மோதி இறந்தான். கழுத்து முறிந்த கதையைச் சொல்வோர் பலர் இதனைச் சொல்வதில்லை.

சிட்டிக்காக 545 ஆட்டங்கள் ஆடினார். சொந்த நாட்டின் அணிக்கு ஒருமுறையும் ஆடவில்லை. ஜேர்மனிக்குள் ஆடுவோரையே தெரிவதென்பது பயிற்றுநர் ஹேர்பேர்கரின் கொள்கை. 1964 ஏப்ரலில் நடந்த பிரியாவிடை ஆட்டத்திலே, பரம வைரிகளான சிட்டி, யுனைட்டெட் கழகங்களின் வீரர்கள் ஒரே அணியாக இறங்கினர்.

பயிற்றுநராக அவர் பெரும்புகழ் ஈட்டினார் என்று நாம் சொல்லோம். 1965–66இல் நான்காம் பிரிவிலிருந்த ஸ்ரொக்போட் அணியை நடத்தி விலகினார். அடுத்த பருவத்தில் அவ்வணி அப்பிரிவில் முதலிடம் பெற்றது. பின்னர் ஜேர்மனியிற் சிறு கழகங்கள் இரண்டு. அதன்பின் மேற்கு ஜேர்மனி வளர்முக நாடுகளுக்குப் பயிற்றுநரை அனுப்பும் திட்டத்திற் சேர்ந்து, 1972இல் பர்மாவுக்குச் சென்றார்.

பர்மா என்றதும் நம் மூத்தோர்க்கு அரிசியே நினைவில் வரும். ஆனால் 1966, 1970 ஆகிய ஆசிய விளையாட்டு விழாக்களில் உதைபந்தாட்டத் தங்கம் பெற்ற நாடு அது. இரண்டாவதைத் தென் கொரியாவுடன் பகிர்ந்துகொண்டது. 1972இல் மூனிச் ஒலிம்பிக்கில் ஆடி, சோவியத் நாட்டிடமும் மெக்சிக்கோவிடமும் ஒவ்வொரு கோலாலேயே தோற்று, சூடானை 2–0 என வென்றது. பர்மாவில் ஈராண்டு பணியாற்றியபின் தன்சானியா, லைபீரியா, பாகிஸ்தான், வட யேமன் என்று 1988 வரை அவர் பயணம் நீண்டது. கழகங்கள் பெரும் பணம் கொடுக்கும் இடங்களல்ல இவை. பாதணி வாங்க வசதியற்ற பிள்ளைகள் பந்துக்குப் பின்னால் ஓடும் நாடுகள்.

ஆங்கில–ஜேர்மானிய நல்லுறவுக்காக 2004இல் பிரித்தானிய அரசு அவருக்கு ஓ.பி.ஈ. விருது வழங்கிற்று. ஸ்பெயின் தேசத்தில் வலென்சியாவுக்கு அணித்தான ஊரொன்றில் வாழ்ந்த அவர், 2013 ஜூலை 19இல், 89ஆம் வயதிற் காலமானார்.